நேரலைக்கு முந்தின ராத்திரி, குடும்பக் குழுவில்

அக்கா: ரிகர்சல் பார்த்தேன்டா. பழைய வீடியோ வரும்போது தாத்தா சொல்ற முதல் வார்த்தையே கேக்கல

நான்: கிளிப்பைத் தனியா ஓட்டினா சரியா இருக்குக்கா. நேரலை அனுப்பற ஓபிஎஸ் சாஃப்ட்வேர்ல சீன் மாத்தும்போதுதான் முழுங்குது

சித்தப்பா: அதுல கிளிப்பை ஓட்டற மீடியா சோர்ஸோட பிராப்பர்ட்டீஸைத் திறந்து ஒரு படம் எடுத்துப் போடு

நான்: 📷 படம்

சித்தப்பா: "ரீஸ்டார்ட் பிளேபேக் வென் சோர்ஸ் பிகம்ஸ் ஆக்டிவ்" டிக் இருக்கு, அதாவது சோர்ஸ் ஆக்டிவ் ஆனதும் முதல்லேர்ந்து ஓடும். அதை எடுத்துடாதே. எடுத்தா நீ காட்டாத நேரத்துலயும் கிளிப் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். சீன் மாறும்போது வர்ற டிரான்சிஷன் என்ன வெச்சிருக்க?

நான்: ஸ்டிங்கர். லோகோ வந்து திரையை மூடிட்டு விலகும்

சித்தப்பா: அப்போ விஷயம் அங்கதான். கிளிப் கண்ணுக்குத் தெரியற நேரத்தை அது ஆக்டிவ்னு எடுத்துக்காது. டிரான்சிஷன் தொடங்கினாலே ஆக்டிவ்தான். லோகோ மூடிக்கிட்டு வரும்போதே அடியில தாத்தா பேச ஆரம்பிச்சிடறார்

அக்கா: ஒரு படம் மங்கி அடுத்தது வருமே, அந்த ஃபேடு வெச்சா சரியாயிடுமா சித்தப்பா?

சித்தப்பா: அதுலயும் இதேதாம்மா, நேரம்தான் கம்மி. ஃபேடு சும்மா விட்டா 300 மில்லிசெகண்ட். ஸ்டிங்கர்ல லோகோ விலகற வரைக்கும் போயிடும். செட்டிங்க்ஸ்ல இதுக்கு மருந்து தேடாதீங்க, கிளிப்லயே பண்ணணும். முதல் ஃப்ரேமை அப்படியே நிறுத்தி, சத்தமில்லாம ரெண்டு செகண்ட் முன்னாடி சேர்த்து எக்ஸ்போர்ட் பண்ணு. எடிட்டிங் டேபிள்ல நாங்க முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவோம்

நான்: சரி சித்தப்பா. லோகோவுக்குப் பின்னாடி சீன் மாறற நேரம், அந்த டிரான்சிஷன் பாயின்ட், 500 மில்லிசெகண்ட் வெச்சிருக்கேன், அது பரவாயில்லையா?

சித்தப்பா: குத்துமதிப்பா வெக்காதேப்பா. ஸ்டிங்கர் ஃபைலை ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்திப் பாரு. லோகோ நாலு மூலையையும் மூடின ஃப்ரேம் எதுன்னு சொல்லு

நான்: 18லேர்ந்து 22 வரைக்கும் முழுசா மூடியிருக்கு. ஃபைல் செகண்டுக்கு 25 ஃப்ரேம்

சித்தப்பா: ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். நடுவுல 20ஐ எடுத்துக்கோ, 800 போடு. நீ வெச்ச 500ல லோகோ பாதிதான் மூடியிருக்கும், பின்னாடி சீன் டக்குனு மாறறது ஓரத்துல தெரியும்

அக்கா: ஆமா! ஓரத்துல ஏதோ வெட்டுச்சு. நெட்தான் ஸ்லோன்னு நெனச்சேன்

நான்: 800 போட்டுட்டேன். வெட்டு தெரியல 👌 கிளிப் முடிஞ்சதும் கறுப்பாயிடுதே, அது?

சித்தப்பா: "ஷோ நத்திங் வென் பிளேபேக் எண்ட்ஸ்" டிக்கை எடு. கடைசி ஃப்ரேம் அப்படியே நிக்கும், நீ நிதானமா சீன் மாத்தலாம்

சித்தி: எல்லாரும் வேலையா இருக்கீங்க. எனக்கு அந்த வீடியோலேர்ந்து தாத்தா சிரிக்கற படம் ஒண்ணு வேணும், முகப்புல வெக்க

நான்: எடுத்துப் பார்த்தேன் சித்தி. கை ஆடற இடமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வருது

சித்தப்பா: பழைய டேப் இன்டர்லேஸ்டு. ஒரு ஃப்ரேம்ல ரெண்டு வேற வேற நேரத்துப் படம் வரி விட்டு வரி பின்னியிருக்கும். ஓடும்போது அவ்வளவா தெரியாது, நிறுத்தினா தெரியும். சோர்ஸ் மேல ரைட் கிளிக் பண்ணி, அந்தப் பின்னலைப் பிரிக்கற டீஇன்டர்லேசிங்ல யாடிஃப் எடு. DV கேமரா டேப்னா எந்த வரி முதல்லங்கறதுக்கு பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட்

நான்: கோடு போயிடுச்சு!

சித்தப்பா: எடுக்கும்போது அவுட்புட்டை எடுக்காதே. டிரான்சிஷன் நடுவுல அமுக்கினா ரெண்டு சீனும் கலந்த படம்தான் கிடைக்கும், லோகோவும் மேல நிக்கும். கிளிப்பை பாஸ் பண்ணிட்டு சோர்ஸ் மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்கிரீன்ஷாட் எடு. ரெக்கார்டிங் ஃபோல்டர்ல பிஎன்ஜியா விழும்

நான்: வந்துடுச்சு, 720க்கு 576. ஆனா தாத்தா முகம் ஒல்லியா தெரியுது

சித்தப்பா: அந்தக் கால டேப்போட பிக்சல் சதுரமா இருக்காது. உயரத்தைத் தொடாம அகலத்தை 768 ஆக்கு

சித்தி: கண்ணு மூடாத ஃப்ரேமா பாத்து எடுப்பா

நான்: மூணு எடுத்து அனுப்பறேன் சித்தி, நீங்களே சொல்லுங்க