டிஆர்எம் டிரைவர் கெர்னலில் பதிவாகும் வரிசையை ஆவணத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி

லினக்ஸ் கெர்னலின் கிராபிக்ஸ் பகுதியான டிஆர்எம்மில் ஒரு டிரைவர் தன் சாதனத்தை எப்படிப் பதிவு செய்கிறது என்று புதிதாக வருபவர்களுக்கு ஓர் ஆவணம் எழுதுகிறேன். வரைவில் உள்ள வரிசை: பிசிஐ புரோப் (சாதனம் கிடைத்ததும் கெர்னல் அழைக்கும் சார்பு), டிஆர்எம்_டெவ்_அலாக், உடனே டிஆர்எம்_டெவ்_ரெஜிஸ்டர், பிறகு லோட் கால்பேக்கில் மோட்செட்டிங் (திரை அமைப்பு), விபிளாங்க் (திரைப் புதுப்பிப்பு இடைவெளி), ஐஆர்க்யூ (இன்டரப்ட்). பழைய டிரைவர்களைப் பார்த்து எழுதியது இது. ஆனால் விகேஎம்எஸ் (வன்பொருள் இல்லாத மெய்நிகர் டிரைவர்) சோர்ஸில் லோட் கால்பேக்கே காணோம். எதை எழுதுவது? /டெவ்/டிஆர்ஐ/கார்டு0 என்ற நோடின் (சாதனக் கோப்பின்) எண் எந்தக் கட்டத்தில் முடிவாகிறது?

பதில் 1

வரிசையைத் தலைகீழாக்குங்கள். ரெஜிஸ்டர்தான் புரோப்பின் கடைசிக் காரியம். அதை அழைத்த நொடியில் நோடு வெளியே தெரிந்துவிடும். யூடெவ் (சாதனங்களைக் கவனிக்கும் சேவை) பார்த்துவிடும், கம்பாசிட்டர் (திரையை வரையும் நிரல்) திறந்துவிடும். லோட் கால்பேக் ஓடுவதோ நோடு பதிவான பிறகு. சரக்கு அடுக்குமுன் ஷட்டரைத் தூக்கியது போலத்தான். அந்த இடைவெளியை மூட, லோட் உள்ள டிரைவர்களுக்கு மட்டும் கெர்னல் ஒரு குளோபல் மியூடெக்ஸ் பூட்டைப் பிடித்துக்கொள்கிறது. புதிய டிரைவரில் லோட் வேண்டாம் என்று தெளிவாகவே எழுதிவிடுங்கள்.

இன்றைய வரிசை ஏறத்தாழ இப்படி: பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ விட்டுச்சென்ற ஃபிரேம்பஃபரை (திரைப் பட நினைவகத்தை) அபெர்ச்சர் சார்பால் விலக்குவது, டெவ்எம்_டிஆர்எம்_டெவ்_அலாக், டிஆர்எம்எம்_மோட்_கான்ஃபிக்_இனிட், காட்சிப் பாதையின் பகுதிகளான பிளேன், சிஆர்டிசி, என்கோடர், கனெக்டர், பிறகு விபிளாங்க்_இனிட், ஐஆர்க்யூ, மோட்_கான்ஃபிக்_ரீசெட், கடைசியில் ரெஜிஸ்டர். எஃப்பிடெவ் (பழைய ஃபிரேம்பஃபர் இடைமுகம்) கன்சோல் வேண்டுமென்றால் அது ரெஜிஸ்டருக்குப் பின்னால்தான்.

அதிகம் விட்டுப்போவது ரீசெட். அட்டாமிக் டிரைவரில் (திரை மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்வது) முதல் ஸ்டேட்டை உருவாக்குவது அதுதான். மறந்தால் சிஆர்டிசியின் ஸ்டேட் பாயிண்டர் காலியாகவே இருக்கும், அதைத் தொடும் முதல் கமிட்டிலேயே ஊப்ஸ் (கெர்னல் பிழை) விழும். கனெக்டர்களைத் தனியாக ரெஜிஸ்டர் செய்ய வேண்டியதில்லை, டிஆர்எம்_டெவ்_ரெஜிஸ்டரே செய்துவிடும். டிபி எம்எஸ்டி (ஒரு டிஸ்பிளேபோர்ட்டில் பல திரைகள்) போல ஓடும்போது முளைக்கும் கனெக்டருக்கு மட்டுமே கையால் அழைக்க வேண்டும்.

பதில் 2

எண்ணைப் பற்றி: மேஜர் (டிரைவர் வகையைக் குறிக்கும் எண்) 226. மைனர் (தனி நோடைக் குறிக்கும் எண்) 0 முதல் 63 வரை கார்டு நோடுகள், 128 முதல் ரெண்டர் நோடுகள் (திரைக் கட்டுப்பாடு இல்லாமல் வரைய மட்டும்). ரெண்டர் நோடு வேண்டுமென்றால் டிரைவர்_ரெண்டர் ஃபிளாக் கட்டாயம். இடையில் 64 முதல் இருந்த கண்ட்ரோல் நோடுகள் வழக்கொழிந்துவிட்டன.

எண் ஒதுக்கப்படுவது அலாக் கட்டத்தில். அப்போது அது வெறும் முன்பதிவு, ரெஜிஸ்டர் ஆனபிறகே அதைத் திறக்க முடியும். இதனால்தான் பல கணினிகளில் ஒரே கிராபிக்ஸ் கார்டு இருந்தும் கார்டு1 என்று வருகிறது. பூட் நேரத்துத் தற்காலிக டிரைவரான சிம்பிள்டிஆர்எம் 0-ஐ வைத்திருக்கும்போதே உண்மையான டிரைவர் அலாக் செய்தால் அதற்குக் கிடைப்பது 1. பிழை என்று நினைத்து அலைய வேண்டாம். ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளில் கார்டு0 என்று கெட்டியாக எழுதாமல் /டெவ்/டிஆர்ஐ/பை-பாத் வழியைக் காட்டுங்கள்.

கேட்டவர்

நன்றி, இரண்டும் தெளிவு. ரிமூவ் (டிரைவரை நீக்கும்) பகுதியில் எதை வலியுறுத்த வேண்டும்?

பதில் 3

ஆயுட்காலத்தை. பெரும்பாலான ஆவணங்கள் கோட்டைவிடும் இடம் இது. டெவ்எம் என்று தொடங்கும் ஒதுக்கீடுகள் டிரைவர் அன்பைண்ட் ஆகும்போது (சாதனத்திலிருந்து பிரியும்போது) விடுவிக்கப்படும். டிஆர்எம்எம் என்று தொடங்குபவை டிஆர்எம் சாதனத்தின் கடைசி ரெஃபரன்ஸ் போகும்போதுதான். யாராவது நோடைத் திறந்து வைத்திருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரமும் ஆகலாம். கனெக்டரையோ பிளேனையோ டெவ்எம்_கேஇசட்அலாக்கில் வைத்தால் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ (விடுவித்த நினைவகத்தைத் தொடும் பிழை) வருவது அதனால்தான். சாதன ரெஜிஸ்டர்களின் நினைவக மேப்பிங், ஐஆர்க்யூ போன்ற வன்பொருள் சார்ந்தவை டெவ்எம்மில் இருக்கலாம். யூசர்ஸ்பேஸ் தொடக்கூடியவை டிஆர்எம்எம்மில் இருக்க வேண்டும்.

சோதிக்க: கேஏசான் (நினைவகப் பிழை கண்டறியும் கருவி) இயக்கிய கெர்னலில் ஒரு புராசஸ் நோடைத் திறந்தே வைத்திருக்கட்டும். சிஸ்எஃப்எஸ் வழியாக அன்பைண்ட் செய்து, பிறகு அந்த புராசஸை மூடுங்கள். தவறு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே கத்தும்.

யுஎஸ்பி டிஸ்பிளே போலப் பிடுங்கக்கூடியதற்கு டிஆர்எம்_டெவ்_அன்பிளக். வன்பொருளைத் தொடும் இடங்களை டிஆர்எம்_டெவ்_என்டர், எக்ஸிட் இணைக்குள் வையுங்கள். ஒரு சிக்கல் உண்டு: அன்பிளக் அழைத்தபின் என்டர் தோற்கும். ஆகவே சாதாரணமாக மாட்யூலை நீக்கும்போதும், பின்னால் வரும் அட்டாமிக்_ஹெல்பர்_ஷட்டவுன் வன்பொருளை அணைக்காமல் போய்விடலாம். எதைத் தேர்ந்தாலும் காரணத்தை எழுதுங்கள்.

பதில் 1 எழுதியவர்

ஒன்று மட்டும். சார்புகளின் பாராமீட்டர்களை ஆவணத்தில் நகலெடுக்காதீர்கள், பழசாகிவிடும். எஃப்பிடெவ் அமைக்கும் சார்பே ஜெனரிக்_செட்டப் என்று இருந்தது இப்போது கிளையன்ட்_செட்டப் ஆகிவிட்டது. விவரங்கள் டிஆர்எம்_டிஆர்வி.சி கோப்பின் கெர்னல்-டாக் குறிப்புகளிலேயே இருக்கின்றன. சோர்ஸ் மரத்தில் ஸ்ஃபிங்க்ஸ்டிர்ஸ்=ஜிபியு என்று கொடுத்து மேக் எச்டிஎம்எல்டாக்ஸ் ஓட்டினால் அந்தப் பகுதி மட்டும் உருவாகும். நீங்கள் வரிசையையும் அதன் காரணத்தையும் எழுதினால் போதும்.