‘சைக்கிள்’ = ? அரை மார்க் போன கதையும் உங்கள் அனுபவமும்

காவிரிக்கரை:

மகள் ஆறாம் வகுப்பு. போன வாரம் தமிழ்த் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து கையெழுத்து கேட்டாள். பிறமொழிச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் எழுதச் சொல்லி ஐந்து கேள்விகள். பஸ், போன் எல்லாம் முழு மார்க். நான்காவது ‘சைக்கிள்’. அவள் எழுதியது ‘துவிசக்கர வண்டி’. சொல்லின் நடுவில் சிவப்பு மையில் ஒரு சுழி, பக்கத்தில் அரை மார்க்.

இப்போது வீட்டில் சண்டையே இதுதான். மாமியார் யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் திருச்சிக்கு வந்தவர். பேத்திக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அவர்தான். “எங்கட பள்ளிக்கூடத்திலை இதைத்தானே எழுதினனாங்கள்” என்கிறார். என் அப்பா பழைய தனித்தமிழ் ஆள். “துவியும் வடசொல், சக்கரமும் வடசொல். ஈருருளி என்று எழுதியிருக்க வேண்டும். அரை மார்க் போட்டதே அதிகம்” என்கிறார். எனக்குத் தெரிந்தது மிதிவண்டி ஒன்றுதான். அதுவும் அரசுப் பள்ளிகளில் கொடுக்கும் ‘விலையில்லா மிதிவண்டி’ புண்ணியத்தில்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். போய் அந்த அரை மார்க்கைக் கேட்பதாக இருக்கிறேன். இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா? அகராதி வேண்டாம். வீட்டில் மூன்று இருக்கிறது, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வடமராட்சி:

அண்ணை, உங்கட மாமியார் சொல்லுறது சரி. ஆனா துவிச்சக்கர வண்டி எண்டது எழுத்துக்கு மட்டும்தான். கதைக்கேக்கை சின்னப் பிள்ளையிலை இருந்து கிழவர் வரைக்கும் சைக்கிள்தான். அந்தப் பெரிய பேரைப் பாக்கிறதெண்டால் போர்டிலை பாக்கவேணும். ‘துவிச்சக்கர வண்டி பாதுகாப்பு நிலையம்’ எண்டு கொட்டை எழுத்திலை இருக்கும். உள்ளுக்கை போனால் அங்கை இருக்கிற ஐயா, “தம்பி, சைக்கிளை அந்தக் கரையிலை விடும்” எண்டுவார். அட்டையைக் கிழிச்சு ஒரு பாதி ஹாண்டிலிலை, மற்றப் பாதி எங்கட கையிலை. அந்தத் துண்டு துலைஞ்சால் சைக்கிளும் துலைஞ்ச மாதிரித்தான்.

ஒருக்கா உண்மையாவே துலைஞ்சது. பொலிசிலை முறைப்பாடு. நான் சைக்கிள் எண்டு சொல்லச் சொல்ல, எழுதினவர் சிங்களத்திலை ‘பாபெதிய’ எண்டு எழுதினார். ‘பா’ எண்டால் கால். காலாலை ஓட்டுறது. சைக்கிள் கிடைக்கேல்லை, ஒரு சொல்லுக் கிடைச்சுது.

தொண்ணூறுகளிலை எங்களுக்குக் கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலை இருந்து ரேடியோவுக்கு வயர் குடுத்துச் செய்தி கேட்ட சனம் நாங்கள். ஒருத்தர் சுத்த, நாலு பேர் கேக்கிறது. சுத்திறவனுக்குக் கை களைச்சால் செய்தி வாசிக்கிறவற்றை குரலும் படுத்திடும்.

இனி விசயத்துக்கு வாறன். சென்னைக்கு வந்த புதுசிலை, கூட இருந்த பெடியன் என்னை ஏத்திக்கொண்டு போகச் சொல்லி, பின்னாலை இருந்து “நல்லா மிதி, நல்லா மிதி” எண்டான். நான் சைக்கிளை நிப்பாட்டி, எதை மிதிச்சிட்டன் எண்டு சப்பாத்தைத் தூக்கிப் பாத்தன். எங்கட பக்கம் பெடலை உழக்கிறதுதான், மிதிக்கிறேல்லை. 

அதே கிழமை இன்னொண்டு. கடைத்தெருவிலை ‘இருசக்கர வாகனம் நிறுத்துமிடம்’ எண்டு போர்ட். நான் சந்தோசமாச் சைக்கிளைக் கொண்டுபோய் விட்டன். வாசலிலை நிண்டவர், “சார், இது டூவீலருக்கு. சைக்கிளை அந்தாண்ட போடுங்க” எண்டார். “இதுக்கும் ரெண்டு சில்லுத்தானே ஐயா” எண்டன். ஆள் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். துவிச்சக்கரம் எண்டாலும் இருசக்கரம் எண்டாலும் ஒரே கருத்து. எங்களுக்கு அது சைக்கிள், உங்களுக்கு அது மோட்டார் சைக்கிள்.

பஞ்சர் கடைப் பையன்:

அண்ணாச்சி, எங்கப்பாவுக்குத் திருநெல்வேலி பக்கம் வாடகை சைக்கிள் கடை. முப்பது வருசத்துல ஒருத்தர்கூட வந்து “ஒரு மிதிவண்டி கொடுங்க”ன்னு கேட்டது கிடையாது. சைக்கிள்னுகூட ரொம்பப் பேர் சொல்ல மாட்டாங்க. “வண்டி இருக்கா?” அவ்வளவுதான். மட்கார்டுல பெயிண்டுல நம்பர், நோட்டுல பேரும் நேரமும். “ஏழாம் நம்பர் போகாது, செயின் கழண்டுட்டே இருக்கு, பன்னெண்டைக் கொடுங்க”ன்னு சின்னப் பயலுவ கேட்டு வாங்குவானுவ. அரை வண்டிக்குத்தான் அடிதடி. அரை வண்டி கிடைக்காதவன் முழு வண்டியை எடுத்து, பாருக்கு அடியில காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுவான். 1996 தேர்தல்ல த.மா.கா.வுக்கு சைக்கிள் சின்னம் கொடுத்தாங்கள்லா, அப்போ பன்னெண்டு வண்டியும் ஊர்வலத்துக்குப் போயிட்டு வந்துது. ஒண்ணொண்ணா கோட்டம் எடுத்தோம்.

கோட்டம்னா தெரியும்ல? சக்கரத்தைக் கழட்டாம, வண்டியைக் கவுத்துப் போட்டு, ரிம்முக்குப் பக்கத்துல சாக்பீஸை அசையாம பிடிச்சுக்கிட்டு சக்கரத்தைச் சுத்தி விடணும். நேரா இருந்தா சாக்பீஸ் படாது. எங்க வளைஞ்சிருக்கோ அங்க மட்டும் ஒரு வெள்ளைக் கோடு விழும். இடப்பக்கம் கோடு விழுந்தா வலப்பக்கத்துப் போக்ஸ் கம்பிய நிப்பிள் சாவி வச்சு அரைத் திருகு முறுக்கணும். முழுத் திருகு முறுக்குனா அந்தப் பக்கம் கோணிக்கும். அப்பா சாக்பீஸ் இல்லாம கட்டைவிரல் நகத்தை வச்சே எடுத்திருவாரு.

எட்டாவது படிக்கும்போது குறள்ல ‘சொற்கோட்டம்’னு வந்துது. எனக்கு ஆச்சரியம், நம்ம கடைச் சொல்லு திருவள்ளுவர்கிட்ட எப்படிப் போச்சுன்னு. வீட்டுக்கு ஓடி வந்து, “அப்பா, சொல்லுக்கும் கோட்டம் உண்டாம்”ன்னேன். அவரு டியூபைத் தண்ணிச் சட்டியில முக்கி எங்க முட்டை வருதுன்னு பாத்துட்டிருந்தாரு. தலையத் தூக்காமலே, “அதுக்குச் சாவி கிடைக்காதுலே”ன்னாரு.

வண்டியோட பேரு இங்கிலீசு, உதிரி எல்லாம் இங்கிலீசு. ரிம், ஹப், கோன், பிரீவீல், வால்டியூப். ஆனா வேலைக்குப் பேரு பூராவும் தமிழு பாத்துக்கிடுங்க. கோட்டம் எடுக்குறது, காத்தடிக்குறது, ஒட்டுப் போடுறது.

எதிர்க்காற்று:

நெதர்லாந்தில் ஐந்தோவனில் எட்டு வருடம். இங்கே இதற்கு ‘பீட்ஸ்’ என்று பேர். நாட்டுக்கே அடையாளமான பொருள், ஆனால் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் டச்சு அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு முடியவில்லை. நம் வீட்டுச் சண்டையெல்லாம் இதற்கு முன் சும்மா.

காவிரிக்கரை சாரின் அப்பாவுக்கு ஒரு செய்தி. அவருக்கு ஜெர்மனியில் பங்காளிகள் இருந்திருக்கிறார்கள். அங்கே முதலில் புழங்கியது பிரெஞ்சுக்காரர்களின் ‘வெலோசிபேது’. லத்தீனில் வேகம், கால் என்ற இரண்டையும் சேர்த்த சொல். 1885 வாக்கில் ஜெர்மன் சைக்கிள் சங்கங்கள் கூடி, இந்தப் பிறமொழிச் சொல் வேண்டாம் என்று முடிவு செய்து ‘ஃபாராட்’ என்று வைத்துக்கொண்டன. ஓட்டு, சக்கரம் இரண்டையும் ஒட்டிய தனி ஜெர்மன். அது அப்படியே நின்றும்விட்டது. இன்றைக்கு ஜெர்மானியர் தெருவிலும் அதையேதான் சொல்கிறார்கள். எல்லை தாண்டி சுவிட்சர்லாந்துக்குப் போனால் அதே ஜெர்மன் பேசுபவர்கள் ‘வெலோ’ என்கிறார்கள். பாசலில் ஒரு கடையில் நான் பெருமையாக ஃபாராட் என்று சொன்னதும், கடைக்காரர் சிரித்தபடி “ஓ, வெலோவா” என்று திருத்தினார். ஏதோ நான் மிதிவண்டி என்று சொல்லிவிட்ட மாதிரி.

போலந்துக்காரர்கள் இன்னும் சுலபமாக முடித்துவிட்டார்கள். 1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டார்லி செய்த ‘ரோவர்’ வண்டிதான் இன்றைய சைக்கிளுக்கு அச்சு: இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுச் சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். போலந்தில் அந்த மாடலின் பெயரே வண்டிக்குப் பெயராகிவிட்டது, ‘ரோவெர்’. நாம் நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்கிறோமே, அது போல.

மிதிவண்டிதான் சரி என்பவர்களிடம் ஒரு சந்தேகம். 1817இல் மான்ஹைமில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். பெடல் வந்தது 1860களில், பாரிசில். என் மூன்று வயது மகன் இப்போது ஓட்டுவதும் பெடல் இல்லாத அந்த ஜாதிதான். அதை மிதிவண்டி என்று நான் எந்த வாயால் சொல்ல? வீட்டில் ‘தள்ளுவண்டி’ என்கிறோம். ஊரிலிருந்து பேசிய அம்மா, பேரன் ஏதோ காய்கறி விற்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

கேரியர்:

இவ்வளவு மொழி எனக்குத் தெரியாது. நான் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் பக்கம். 1991ல அறிவொளி இயக்கம் வந்தப்போ, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா இருந்த காலத்துல, பொம்பளைங்க சைக்கிள் பழகினோமே, அதுல நானும் ஒருத்தி. சாயங்காலம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராப் போகணும். பஸ்ஸை நம்புனா விடிஞ்சிரும்.

லேடீஸ் சைக்கிள் எல்லாருக்கும் எங்க கிடைக்கும்? நான் பழகுனது எங்க அண்ணனோட பார் வச்ச வண்டி. சேலையைத் தூக்கிச் செருகிட்டு, ஒரு கால் பெடல்ல, ஒரு கால் தரையில தத்தித் தத்தி. கேரியரைப் புடிச்சுக்கிட்டு ஓடி வந்தவ என் நாத்தனா. விட்டுட்டான்னு எனக்குத் தெரியாது. கம்மாக்கரை வளைவுல திரும்பிப் பாக்குறேன், அவ தூரத்துல நிக்கிறா. பாத்ததும் விழுந்தேன். முழங்கால் தழும்பு இன்னும் இருக்கு. அப்புறம் அந்தப் பார்தான் வசதின்னு தெரிஞ்சுது. முன்னால புள்ளையை உக்கார வச்சுக்கலாம், பின்னால தண்ணிக் குடத்தைக் கட்டிக்கலாம்.

சொல்லுன்னு கேட்டீங்களே. எங்க ஊருல அதுவரைக்கும் ‘வண்டி’ன்னா மாட்டு வண்டி. இல்லேன்னா ஆம்பளைங்க எடுத்துட்டுப் போற சைக்கிள். பொம்பளை வாயில “என் வண்டி”ன்னு வராது. “அவுக வண்டி”தான். நான் பழகி ரெண்டு மாசம் இருக்கும், வாசல்ல நின்ன வண்டியை ஒரு பையன் தள்ளிட்டான். “டேய், என் வண்டியை ஏன்டா தொட்ட?”ன்னு கத்திட்டேன். மாமியா உள்ளேருந்து எட்டிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. மறுநாள், “உன் வண்டியில ரேசன் கடை வரைக்கும் போயிட்டு வந்துரு”ன்னாங்க.

பினாங்கு:

எங்கள் பக்கம் மலாயில் ‘பாசிகால்’, இந்தோனேசியாவில் ‘செபேடா’. பின்னது மேலே சொன்ன வெலோசிபேது தேய்ந்து வந்த வடிவம். சீனத்தில்தான் வேடிக்கை. பெய்ஜிங் சொல்லுக்கு ‘தானே செல்லும் வண்டி’ என்று பொருள். ஜப்பானியரும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்கள். எதிர்க்காற்றில் பினாங்குப் பாலத்துப் பக்கம் ஓட்டிப் பார்த்தவனிடம் வந்து தானே போகும் என்று சொல்லுங்கள்! எங்கள் ஊர்ச் சீனர்கள் சொல்லும் ‘ஜியாவ் தா சே’ நியாயமானது: கால், மிதி, வண்டி. வியட்நாமியரின் ‘செ டப்’பும் அதேதான், வண்டி முன்னால் வரும், மிதி பின்னால். மிதிவண்டி என்று வைத்தவர் சீனத்தைப் பார்த்து வைக்கவில்லை. காலைப் பார்த்து வைத்திருப்பார்.

தாய்லாந்தில் ஹாட்யாய்க்குப் போயிருந்தபோது வாடகைக்குக் கேட்டேன். ‘சக்ரயான்’ என்றாள் கடைக்காரப் பெண். ஒரு நிமிடம் கோயிலில் நிற்பது போல இருந்தது. சக்கர யானம்! நூறு பாத் கொடுத்து எடுத்த அந்த யானத்துக்கு பிரேக் பிடிக்கவில்லை.

எதிர்க்காற்று:

பினாங்கு சொன்னதிலிருந்து ஒன்று. ‘பைசைக்கிள்’ என்ற சொல்லே கலப்புத்தான். ‘பை’ லத்தீன், ‘சைக்கிள்’ கிரேக்கத்தின் ‘குக்லோஸ்’, அதாவது சக்கரம். அந்தக் குக்லோசும் வடமொழிச் சக்கரமும் ஒரே வேரில் பிறந்தவை. ஆங்கில ‘வீல்’கூட அந்தக் குடும்பந்தான். ‘பை’யும் ‘துவி’யும் அதே மாதிரி ஒரு தாய்ப் பிள்ளைகள். ஆக துவிச்சக்கரம் என்பது பைசைக்கிளுக்கு மொழிபெயர்ப்புகூட இல்லை, ஏறக்குறைய அதே சொல்தான் வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. சனிக்கிழமை இதைச் சொல்லிப் பாருங்கள் சார். முழு மார்க் போட்டே ஆக வேண்டும்.

காவிரிக்கரை:

அருமை. இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “அப்படியானால் கேள்வியையே மறுபடி எழுதியிருக்கிறாள், சுழி போடணும்” என்கிறார். அவரைத் திருத்த முடியாது. ஆனால் ஆசிரியரிடம் பேச எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வடமராட்சி:

அண்ணை, போறதுக்கு முதல் ஒரு விசயம். உங்கட முதல் பதிவிலை ‘துவிசக்கர’ எண்டு இருக்கு. நீங்கள் டைப் அடிச்ச பிழையோ, மகள் எழுதினதே அப்பிடியோ? நடுவிலை ஒரு ‘ச்’ வரவேணும். சொல்லே பிழையெண்டால் ரீச்சர் அரை மார்க்கும் போட்டிருக்கமாட்டா.

காவிரிக்கரை:

தாளை எடுத்துப் பார்த்தேன். சுழி சரியாக ‘வி’க்கும் ‘ச’வுக்கும் நடுவில் இருக்கிறது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.