ஆராய்ச்சிப் பூங்காவும் தொழிற்பேட்டையும்: வேறுபாடு என்ன?

வைகைக்கரை:
எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் அருகே, நிறுவனங்கள் வந்து ஆய்வு செய்வதற்கான வளாகமாக ஓர் ஆராய்ச்சிப் பூங்கா அமைக்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. நிலம் இருக்கிறது, சாலையும் மின்சாரமும் வந்துவிடும். தொழிற்பேட்டையைப் போல மனை பிரித்துக் குத்தகைக்கு விட்டால் அதுவே ஆராய்ச்சிப் பூங்கா ஆகிவிடுமா?

நெடுவழி:
ஆகாது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் ஆராய்ச்சிப் பூங்காவான ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கைப் பாருங்கள். புகையிலையையும் நெசவாலைகளையும் நம்பியிருந்த, படித்த இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிக்கொண்டிருந்த மாநிலம் அது. டியூக் உள்ளிட்ட மூன்று பல்கலைக்கழகங்களுக்கு நடுவே நிலம் வாங்கும் முயற்சி முதலில் இலாப நோக்குடன்தான் தொடங்கியது. போதிய முதலீட்டாளர்கள் கிடைக்கவில்லை. வங்கியாளர் ஆர்ச்சி டேவிஸ் அதை இலாப நோக்கற்ற அறக்கட்டளையாக மாற்றி, பங்கு விற்பதற்குப் பதிலாக நன்கொடை திரட்டிய பிறகே 1959-இல் பூங்கா உருவானது. அப்போதும் நிறுவனங்கள் வந்து குவிந்துவிடவில்லை. கணினி நிறுவனமான ஐபிஎம் வருவதாக அறிவித்தது 1965-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பொறுமையிழந்து, கேட்டவர்களுக்கெல்லாம் மனையை விற்றிருந்தால் இன்று அங்கே கிடங்குகள்தாம் மிஞ்சியிருக்கும் என்பது என் எண்ணம்.

தரமணிவாசி:
சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் இடம் எடுக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐஐடியுடன் சேர்ந்து செய்யும் ஆய்வுத் திட்டம், பேராசிரியர்களிடம் பெறும் ஆலோசனை, மாணவர்களுக்குத் தரும் பயிற்சி போன்றவற்றின் வழியாக, கிரெடிட் எனப்படும் புள்ளிகளையும் ஈட்ட வேண்டும். உங்கள் கேள்விக்கு விடை இந்த விதியில்தான் இருக்கிறது. இது இல்லையென்றால், பல்கலைக்கழகத்துக்கு அடுத்த மனையில் இருந்துகொண்டே அதன் ஆய்வகத்தை எட்டிக்கூடப் பார்க்காத அலுவலகங்கள்தாம் வந்து சேரும்.

வைகைக்கரை:
நன்றி. ஆனால் சென்னையையும் பெங்களூரையும் விட்டு ஆய்வாளர்கள் எங்கள் ஊருக்குக் குடிவருவார்களா?

மூங்கில்தோப்பு:
அதற்குத் தைவானின் சின்சு நகரம் நல்ல எடுத்துக்காட்டு. 1980-இல் அறிவியல் பூங்காவைத் தொடங்கியவர்கள், அமெரிக்காவிலிருந்து திரும்பிவரும் பொறியாளர்களின் பிள்ளைகள் மொழித் தடையின்றிப் படிப்பதற்காக, அங்கேயே இருமொழிப் பிரிவுடன் ஒரு பள்ளியையும் ஏற்படுத்தினார்கள். டிரையாங்கிளிலோ குடியிருப்புக்கு நெடுங்காலம் இடமே தராமல், மாலையானால் வெறிச்சோடும் வளாகமாக விட்டுவிட்டு, இப்போதுதான் நடுவில் வீடுகளும் கடைகளும் கட்டுகிறார்கள். ஆகவே உங்கள் வரைபடத்தில் மனைகளுக்கு எண் போடும் முன்பே பள்ளிக்கும் வாடகை வீடுகளுக்கும் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.