கொடுமுடித் தீர்த்தத்தை டெம்போவில் கொண்டுபோகலாமா?

காங்கேயத்துப் பையன்:
ஒரு வருஷம் எங்கள் ஊரில் பட்டி பட்டியாக மாடு செத்ததாம். அப்போது ஊர் கூடி, பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரித் தண்ணீரை நடந்தே கொண்டுவருகிறோம் என்று பழனியாண்டவரிடம் வேண்டிக்கொண்டது. அப்பாருக்கும் (தாத்தாவுக்கும்) முந்தின காலத்துப் பேச்சு. இன்றும் வீட்டுக்கு ஒரு குடம் போகிறது. எங்கள் குடம் 40 வருஷமாக ஐயன் (அப்பா) தோளில் போனது. இப்போது அவருக்கு மூட்டு வலி. எனக்குத் திருப்பூரில் ஷிப்ட் வேலை, 2 நாள்தான் லீவு. டெம்போவில் கொண்டுபோனால் வேண்டுதல் தீருமா? ஐயன் வாய் திறக்கமாட்டேன் என்கிறார். நேற்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து காவடித் தண்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

மூலனூர் அக்கா:
எங்கள் பக்கம் வயசானவர்கள் வேனில்தான் வருகிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை தம்பி.

முத்தூர்க்காரர்:
வயசானவர்கள் வேனில் வரட்டும் அம்மிணி, தீர்த்தம் நடந்துதான் வரவேண்டும். நடந்து கொண்டுவருகிறோம் என்பதுதானே பேச்சு?
தம்பி, நான் 31 தடவை நடந்தவன். வேண்டிக்கொண்டது ஊர். அதனால் குடம் தோள் மாறலாம், எங்கள் ஊரில் அப்படித்தான். நடுவழியில் மண்ணில் மட்டும் வைக்கமாட்டோம். கொடுமுடிக்கு ஐயனைக் காரில் கூட்டிப்போங்கள். ஆற்றில் இறங்கித் தண்ணீரை அவர் மொள்ளட்டும். மகுடேசுவரர் கோயில் வன்னி மரத்து இலை நாலைக் குடத்துக்குள் போட்டு, துணியால் வாயைக் கட்டி, நூலை அவர் கையாலேயே சுற்றட்டும். வன்னி இலை கிடந்தால் தண்ணீர் கெடாது என்பார்கள். பழனியில் குடத்து வாயில் கட்டிய துணியைக் கழற்றும்போது நானும் முகர்ந்து பார்த்திருக்கிறேன், வாடையே இருக்காது.
அப்புறம் முத்தூர், வெள்ளகோவில், மூலனூர் வழியாகப் பங்காளிப் பையன் ஒருத்தன் தாராபுரம் வரை எடுக்கட்டும். வெள்ளகோவில் தாண்டினால் பகலில் தார் காலைப் பொசுக்கிவிடும், 4 மணிக்கு மேல் கிளம்பச் சொல்லுங்கள். தாராபுரத்தில் நீங்கள் வாங்கிக்கொண்டால் சாயங்காலம் தொடங்கி விடிய விடிய நடை, மறுநாள் பழனி. 2 நாளில் முடியும். அடிவாரத்துக்கு ஐயனை வரச்சொல்லுங்கள், விஞ்சில் மேலே ஏற்றிவிடலாம்.

காங்கேயத்துப் பையன்:
ஐயனிடம் படித்துக் காட்டினேன். இப்போது குடத்தைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருக்கிறார். பெரியப்பா மகன் எடுக்கிறேன் என்றுவிட்டான். தாராபுரத்தில் எங்கே கைமாற்றுவது?

முத்தூர்க்காரர்:
அமராவதிக் கரையில். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வாங்குங்கள்.