மூளைக்காய்ச்சலுக்கு வயிற்றில் எதற்கு ஸ்கேன்?

உசிலை மருமகன்:
வணக்கம். மாமனாருக்கு 61 வயது, உசிலம்பட்டிப் பக்கம். பல வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை நினைத்தால் போடுவார். போன வாரம் குளிர்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. வாய்வு என்று அத்தை பூண்டு ரசம் வைத்துக் கொடுத்தார். அப்புறம் தலைவலி, வாந்தி. ஒரு ராத்திரி என்னையே "நீங்க யாரு?" என்றார். மதுரைக்குக் கொண்டுவந்து ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர் கலங்கலாக இருந்தது. கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மூளையின் உள்ளறைகளிலும் சீழ் என்று மண்டையில் டியூப் வைத்திருக்கிறார்கள். இப்போது வயிற்றுக்கும் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். தலையில் வந்ததற்கு வயிற்றில் என்ன தேடுகிறார்கள்? பில் ஏற்றும் வேலையா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு, ஒட்டுமா?

நியூரோ ஸ்டாஃப்:
தம்பி, அந்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களுக்கு வரும் பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் அதிகம் பார்ப்பது நிமோகாக்கஸ் என்ற கிருமி. தலையில் அடியோ ஆபரேஷனோ இல்லாதவருக்கு கிளெப்சியெல்லா வருவது அபூர்வம். வந்தால், அதுவும் சர்க்கரைக்காரர் என்றால், முதல் சந்தேகம் ஈரல் மேல்தான். குடலில் இருக்கும் கிருமி ஈரலில் சீழ்க்கட்டி வைத்து, ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகும். 1980களில் தைவான் டாக்டர்கள் இதை விவரமாக எழுதினார்கள். விலா வலியை டாக்டரிடம் சொன்னீர்களா?

உள்ளறைச் சீழ் லேசில் கரையாது. நரம்பில் ஏற்றும் மருந்து அங்கே குறைவாகத்தான் போய்ச் சேரும். மூன்று வாரத்துக்குக் குறையாமல் ஊசி ஓடும், கூடவும் ஆகலாம். மண்டை டியூபோடு தொங்கும், நீர் வடிந்து சேரும் சேம்பரைக் காது மட்டத்தை வைத்து அளவு பிடித்திருப்பார்கள். பாவம் என்று நீங்களாகக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினால் நீர் மளமளவென்று வடிந்துவிடும். நர்ஸைக் கூப்பிடுங்கள், அவர் டியூபை மூடிவிட்டு ஏற்றுவார். பார்க்க வரும் சொந்தபந்தத்திடமும் சொல்லிவையுங்கள், நம் ஊர்க்காரர்கள் கட்டிலைத் தொடாமல் போக மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு ஒட்டாது. வீட்டாருக்கும் தடுப்பு மாத்திரை கொடுப்பது மெனிங்கோகாக்கஸ் என்ற வேறு கிருமியால் வரும் வகைக்கு.

திருமங்கலம் லேப்:
ரிப்போர்ட்டில் தண்டுவட நீரின் சர்க்கரை 60 என்றிருந்தால் நார்மல் என்று நினைத்துவிடாதீர்கள் அண்ணே. அதே நேரம் ரத்தத்தில் 300 இருந்தால் அந்த 60 ரொம்பக் குறைவு. சாதாரணமாக ரத்தச் சர்க்கரையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். சர்க்கரை எகிறியிருந்தால் பங்கு கொஞ்சம் இறங்கும், இவ்வளவு இறங்காது.

உசிலை மருமகன்:
ஸ்கேன் ஆச்சு அக்கா. ஈரலின் வலது பக்கம் கட்டி இருக்கிறது. நாளைக்கு ஊசி வழியாக டியூப் விட்டுச் சீழ் எடுக்கிறார்களாம்.

நியூரோ ஸ்டாஃப்:
சரி, கிருமி கிளம்பிய இடம் தெரிந்துவிட்டது. இன்னொன்று தம்பி: இதே கிருமி கண்ணுக்குள்ளும் போகும். அவர் மயக்கத்தில் இருப்பதால் பார்வை மங்குகிறது என்று அவராகச் சொல்ல மாட்டார். கண் டாக்டர் ஒருமுறை வந்து பார்க்கட்டும் என்று இன்றைக்கே கேளுங்கள்.