வாசல் கேமராவுக்கு எந்த லென்ஸ், எவ்வளவு உயரம்?

வணக்கம். தஞ்சாவூரில் என் வயதான பெற்றோர் மட்டும் வசிக்கும், கிழக்குப் பார்த்த வீட்டிற்குக் கண்காணிப்பு கேமராக்கள் பொருத்த வேண்டியுள்ளது. சென்ற வாரம் நள்ளிரவில் கேட்டின் தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டு அம்மா தனியாகக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். அதிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை.

கேட்டிலிருந்து வாசற்படி வரை 25 அடி இருப்பதால், அகன்ற பரப்பைக் காட்டும் 2.8 மி.மீ. லென்ஸில் வருபவரின் முகம் சிறுத்துத் தெளிவிழக்குமோ, 4 மி.மீ. வாங்கினால் பக்கச் சுவர் விடுபடுமோ என்று தயங்குகிறேன். மிக உயரத்தில் வைத்தால் உச்சந்தலைதான் பதிவாகும், தாழ்த்தினால் கைக்கு எட்டிவிடும் என்பதால் 9 அடி சரியாக இருக்குமா? காலை வெயில் நேரே லென்ஸில் விழுவதையும், இரவில் பார்ப்பதற்காகக் கேமரா வீசும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வெள்ளைச் சுவரில் பட்டுப் படம் வெளுப்பதையும் எவ்வாறு தவிர்த்தீர்கள்? அண்டை வீட்டு ஜன்னல் பதிவாகக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.