இரண்டு புள்ளி ஆக்டோபஸ் பதிவேடு: முரணான குறிப்புகளை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி

வணக்கம். கலிபோர்னியா இரண்டு புள்ளி ஆக்டோபஸ் வளர்க்கும் சிலர் சேர்ந்து ஒரு பொதுப் பதிவேடு தொடங்கியிருக்கிறோம். எல்லோரும் ஒரே கூகுள் ஷீட்டில் எழுதுகிறோம். இந்த உயிரின் ஆயுளே ஒன்றிலிருந்து இரண்டு வருடம்தான். அதன் குணம் நமக்குப் பிடிபடும் நேரத்தில் அது போய்விடுகிறது, அடுத்து வளர்ப்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். அதனால்தான் இது உருப்படியாக அமைய வேண்டும் என்று தவிக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், குறிப்புகள் ஒத்துப்போகவில்லை. குஞ்சுகள் பொரிந்ததுமே அடியில் ஊர்ந்து இரை பிடித்தன என்கிறார் ஒருவர். மிதந்துகொண்டே இருந்தன, ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்கிறார் இன்னொருவர். ஆயுள் என்று சிலர் நாலு மாதம் எழுதியிருக்கிறார்கள், சிலர் ஒரு வருடத்துக்கு மேல். வெப்பநிலை சில இடத்தில் 65, சில இடத்தில் 18. சராசரி எடுக்கலாமா? சந்தேகமானதை நீக்கிவிடலாமா?

பதில் 1

தயவுசெய்து எதையும் நீக்காதீர்கள். சராசரியும் வேண்டாம். குஞ்சு விஷயத்தில் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் அவர்கள் வளர்த்தது ஒரே இனமாக இல்லாமல் இருக்கலாம்.

கலிபோர்னியாக் கரையோரம் கண்ணுக்குக் கீழே நீலப் புள்ளியோடு இரண்டு இனங்கள் உண்டு: ஆக்டோபஸ் பைமாகுலாய்டிஸ் (நீங்கள் சொல்லும் கலிபோர்னியா இரண்டு புள்ளி இதுதான்), ஆக்டோபஸ் பைமாகுலேட்டஸ். வெளித்தோற்றத்தில் அவ்வளவு ஒற்றுமை. இவை வெவ்வேறு இனங்கள் என்று ஆய்வாளர்கள் பிக்ஃபோர்டும் மெக்கானகியும் 1949-ல்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். முட்டையைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். பைமாகுலாய்டிஸின் முட்டை பெரியது, சுமார் ஒரு சென்டிமீட்டர். அதன் குஞ்சு பொரிந்ததுமே தரையில் வாழும். பைமாகுலேட்டஸின் முட்டை சில மில்லிமீட்டர்தான். குஞ்சு வாரக்கணக்கில் நீரில் மிதந்து திரியும், வீட்டுத் தொட்டியில் அதைக் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

இனத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்' என்று ஒரு கட்டம் சேருங்கள். கடைக்காரர் சொன்னார், புள்ளியைப் பார்த்தேன், முட்டையை அளந்தேன் என்பவை மூன்றும் ஒரே தரம் அல்ல.

பதில் 2

ஆயுள் பற்றி. கடலில் பிடித்து வந்த ஆக்டோபஸின் வயது யாருக்கும் தெரியாது. அந்த நாலு மாதம் உங்கள் தொட்டியில் அது இருந்த காலம்தான். பொரிந்த தேதி தெரிந்தவற்றுக்கு மட்டும் 'ஆயுள்' எழுதச் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு வந்த தேதி, வந்தபோது எடை, இறந்த தேதி போதும்.

வெப்பநிலையை அலகோடு எழுத வையுங்கள். 65 ஃபாரன்ஹீட் என்பது சுமார் 18 செல்சியஸ்தான், அங்கே முரண்பாடே இல்லை. ஆனால் 18-க்கும் 23-க்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டு. ஃபார்சைத், ஹான்லன் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், சூடான நீரில் பைமாகுலாய்டிஸ் வேகமாக வளர்ந்து சீக்கிரமே இறந்தது. வெப்பநிலை இல்லாத ஆயுள் குறிப்பால் பயனில்லை. உப்பளவிலும் 1.026 (நீரின் ஒப்படர்த்தி) என்று ஒருவரும் 35 (ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு) என்று ஒருவரும் எழுதியிருப்பார்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அதையும் பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. மிதந்த குஞ்சுகளைப் பற்றி எழுதியவரிடம் கேட்டேன். முட்டைப் படம் வைத்திருக்கிறார், பொடிப் பொடியாகத்தான் இருக்கின்றன! இன்னொரு சந்தேகம்: 'இறப்புக் காரணம்' கட்டத்தில் பாதிப் பேர் 'நீர் கெட்டது' என்றே எழுதுகிறார்கள். அப்படியே விடலாமா?

பதில் 3

அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டு 'கடைசி வாரங்களில் கண்டது' என்று வையுங்கள். சாப்பிடாமல் விட்டது, தோலில் வெள்ளைப் புண், இலக்கில்லாமல் அலைந்தது, முட்டை இட்டதா, அம்மோனியா அளவு என்ன. நீர் நன்றாக இருந்தும் இவை வந்தால் பெரும்பாலும் முதுமைதான். முட்டையிட்ட தாய் அடைகாத்தபடி இரையை ஒதுக்கி இறப்பது அதன் உடலே நடத்தும் காரியம். வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் 1977-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கரீபியன் ஆக்டோபஸ் இனத்தில் ஆப்டிக் சுரப்பிகளை (கண்களுக்கு அருகே இருக்கும் ஹார்மோன் சுரப்பிகள்) நீக்கியபோது, தாய்கள் அடைகாப்பதை விட்டு மறுபடி சாப்பிட்டு அதிக நாள் வாழ்ந்தன. இது தெரியாமல் எத்தனையோ பேர் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு பொழுதுபோக்கையே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

அம்மோனியாவோ செம்பு கலந்த மீன் மருந்தோ காரணம் என்றால் சோதனை அளவோடு எழுதட்டும். செம்பு ஆக்டோபஸுக்கு விஷம் என்பதை மட்டும் ஷீட்டின் தலையிலேயே போட்டுவிடுங்கள்.

கேட்டவர்

மாற்றிவிட்டேன். முட்டை ஆதாரம் இல்லாத எல்லாப் பதிவுகளையும் 'இரண்டு புள்ளி, இனம் உறுதியில்லை' என்று வைத்திருக்கிறேன். ஸ்கேலை ஒட்டி வைத்து எடுத்த முட்டைப் படம் யாரிடமாவது இருந்தால், பழையதானாலும் பரவாயில்லை, தொட்டியின் வெப்பநிலையோடு அனுப்புங்கள்.